யாரைக் கேட்டு எழுதினாய்

கிள்ளான்,
18 மே 2025

கார்த்திகாவுக்கு,

தாமரை எழுதுவது.

நலம் விசாரித்துவிட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் மின்னஞ்சலே சொல்லிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்குப் போகக் கால் வரவில்லை, கூட வேலை செய்பவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அதை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது சந்தோஷமாக இருந்தது, அதனால் இன்னொரு முறை படித்தேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. நான் நலம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் குறையவில்லை.

நீ என்னிடம் கேட்டிருப்பது ஒன்றுதான். உன் பல்கலைக்கழகத்துக்கு நான் அனுப்பிய புகாரை மேற்கொண்டு நடத்த எனக்கு விருப்பமில்லை என்று ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். அதோடு, பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது உனக்குச் சரியாக ஞாபகமில்லை என்கிறாய். இருபத்தோரு வயதில் தெரியாமல் செய்ததற்கு இத்தனை பேர் முன்னால் நிற்க வைப்பதா, தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கக் கூடாதா என்கிறாய். ஞாபகமில்லை என்று சொல்பவளுக்கு முதலிலிருந்து சொல்வதுதான் மரியாதை. மின்னஞ்சலாக இருந்தால் விரலால் தட்டி அழித்துவிடுவாய். அதனால் தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கியாக வேண்டும்.

2012-இல் நீயும் நானும் பெட்டாலிங் ஜெயாவில் டிப்ளோமா இறுதியாண்டு. ஆய்வுத் திட்டத்தை இரண்டு பேர் சேர்ந்து செய்யலாம் என்றார்கள். என் அப்பா சபாபதி போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். லோரி டிரைவர்களுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தூக்கம் கிடைக்கிறது என்று பார்க்கலாம் என்றேன் நான். அதை எப்படிக் கேட்பது என்று கண்டுபிடித்தது நீ. உன் பங்கை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

முதலில் ஐந்து பேரிடம் கேள்விகளைச் சோதித்துப் பார்த்தோம். போதுமான அளவு தூங்குகிறீர்களா என்பது நான் எழுதிய கேள்வி. ஐந்து பேரும் ‘ஓகே லா’ என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். நீ அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, நேற்று எத்தனை மணிக்கு ஸ்டியரிங்கை விட்டு இறங்கினீர்கள், மறுபடி எத்தனை மணிக்கு ஏறினீர்கள் என்று மாற்றினாய். அதற்குப் பிறகு யாரும் ஓகே லா சொல்லவில்லை. விரல் மடக்கி எண்ணினார்கள். எண்ணி முடித்ததும் அவர்களுக்கே நம்ப முடியாமல் சிரித்தார்கள். நல்ல கேள்வி கார்த்திகா. இன்றும் என் மாணவர்களுக்கு அதைத்தான் உதாரணமாகச் சொல்கிறேன். அந்த நல்ல கேள்விக்கு உண்மையான பதில் சொன்னதால்தான் ஏழு பேருக்கு வேலை போனது.

நம் மேற்பார்வையாளர் திரு. சுகுமாறன், அப்பாவின் நண்பர்களை மட்டும் கேட்டால் அது ஆய்வாகாது, குடும்ப விருந்துதான் ஆகும் என்று சொன்னார். அதனால் டிப்போ வாசலில் வரிசை நிற்கும்போது மூன்றாவது லோரி, ஆறாவது லோரி, ஒன்பதாவது லோரி என்று எண்ணி எண்ணி ஏறினோம். வெயிலில் ஒரே குடைக்குள் நின்றோம். நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது நான் சொன்ன வார்த்தை உனக்கு ஞாபகம் இல்லாவிட்டாலும் எனக்கு இருக்கிறது. “உங்க பேரு எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் அங்கிள். பேப்பர்ல நம்பர் மட்டும்தான் வரும்.” அப்பா பதினேழாம் எண். எந்த எண் யார் என்று சொல்லும் பெயர்த்தாள் இரண்டே இரண்டு. ஒன்றை நான் என் கையால் எழுதி வைத்திருந்தேன். இன்னொன்றை நீ உன் கையால் எழுதி வைத்திருந்தாய். ஆய்வறிக்கை கொடுத்த அன்று இரண்டையும் எரித்துவிட வேண்டும் என்பது பேச்சு.

இருபத்து மூன்றாம் எண்காரர் மறுநாளே எனக்கு போன் செய்தார். மனைவி பயப்படுகிறாள், என் பெயரை எடுத்துவிடம்மா என்றார். அவருடைய படிவத்தைக் கிழித்துப் போட்டேன். என் பெயர்த்தாளில் அவர் பெயர் மேல் கோடு அடித்தேன். உனக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். சரி என்று பதில் போட்டாய். அறிக்கையில் நாற்பது பேர் என்றுதான் எழுதினோம்.

அந்த நாற்பது பேரில் ஏழு பேர் ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். பதினாறு, பதினெட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தாலும், பதிவேட்டில் பத்து மணி நேரம் என்று எழுதச் சொல்லி டிப்போவிலேயே சொல்கிறார்கள் என்று. அறிக்கையில் எண்களோடு அதை அப்படியே எழுதினோம். டிப்போவுக்குள் போக அனுமதி தந்ததற்காக அந்த லோரி கம்பெனிக்கும் ஒரு பிரதி கொடுத்தோம். எண் மட்டும் இருந்தால் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஆறு வாரம் கழித்து அந்த ஏழு பேரையும், மிகச் சரியாக அந்த ஏழு பேரை மட்டும், ஒவ்வொருவராக உள்விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பதிவேட்டில் பொய் எழுதினீர்கள் என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பினார்கள். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நீ இங்கே இல்லை. அப்பா தினமும் காலையில் உட்காரும் சாப்பாட்டுக் கடையில் அவரோடு யாரும் உட்காரவில்லை. உன் மகள் வந்து கேட்டுத்தானே சொன்னோம் சபாபதி என்று ஒருவர் கேட்டாராம். மறுநாளிலிருந்து அப்பா அந்தக் கடைக்குப் போகவில்லை. வீட்டிலேயே தேநீர் குடித்தார். பிறகு பூச்சோங்கில் ஒரு பர்னிச்சர் கடைக்குச் சின்ன லோரி ஓட்டினார். சோபாவையும் கட்டிலையும் மாடிக்கு ஏற்றி இறக்கும் வேலையும் சேர்த்து. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகப் பேச்செடுத்தபோது, “விடும்மா. படிச்சு முடி” என்றார். அவ்வளவுதான். நான்கு வருடம் கழித்து மாரடைப்பில் போகும்வரை அவர் கேட்கவே இல்லை. கேட்காததால்தான் நான் செத்தேன். என்னைச் சந்தேகப்படுகிறார், கேட்டால் நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேனோ என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்றும் சொல்கிறேன். அது உன் கைவேலை. ஏழு பேருக்கும் வேலை போன அந்த வாரத்தில் உன் தோளில் சாய்ந்து அழுதேன். நீ என் தலையைத் தடவிக்கொடுத்துச் சொன்னாய். “நீ பேக்க எங்கயாச்சும் வெச்சிருப்ப தாமரை. யாராச்சும் எடுத்துப் பாத்திருப்பாங்க. தெரியாம நடந்ததுக்கு நீ என்ன செய்வ?” என் பை ஒருநாள் டிப்போ அலுவலகத்தில் அரைமணி நேரம் கிடந்தது உண்மை. அந்த அரைமணி நேரத்தைப் பன்னிரண்டு வருடம் நினைத்துக்கொண்டே இருந்தேன். உன் ஆறுதலுக்கு நன்றி சொன்னேன். உனக்கு இங்கிலாந்தில் படிக்க உதவித்தொகை கிடைத்தபோது விமான நிலையம் வரை வந்து வழியனுப்பினேன். அப்பா இறந்தபோது நீ அங்கிருந்து அனுப்பிய ஆறுதல் அட்டையை அம்மா சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

சென்ற வருடம் ஜனவரியில் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் கல்லூரியில் ஆய்வு முறைப் பாடத்துக்குப் புதுப் புத்தகம் வந்தது. மாணவர் திட்டங்களுக்கான ஆய்வு முறைகள், எழுதியவர் டாக்டர் கார்த்திகா. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வகுப்பில் காட்டி, இவர் என் தோழி என்றேன். ஆறாவது அத்தியாயம் தகவல் தந்தவர்களைப் பாதுகாப்பது எப்படி என்பது. வகுப்பில் நின்றபடியே நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன். போர்ட் கிள்ளானில் லோரி டிரைவர்களிடம் நடத்திய ஆய்வில் பெயர்த்தாள் இரண்டு ஆய்வாளர்களைத் தவிர வேறு யார் கைக்கும் போகவில்லை, பின்னர் முறைப்படி அழிக்கப்பட்டது, தகவல் தந்த ஒருவருக்கும் எந்தப் பாதிப்பும் நேரவில்லை என்று எழுதியிருந்தாய்.

அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மாணவர்களைக் குழுவாகப் பேசச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஏழு பேருக்கு வேலை போனது உனக்குத் தெரியும். உன் தோளில்தான் நான் அழுதேன். என் பையிலிருந்துதான் பெயர்கள் போயின என்று நீ நிஜமாகவே நம்பியிருந்தால், கவனக்குறைவுக்கு எடுத்துக்காட்டாக அதை எழுதியிருப்பாய். பெயரைச் சொல்லாமல் ஒரு தோழி என்று எழுதியிருப்பாய். நடக்கவே இல்லை என்று ஏன் எழுத வேண்டும்? அன்றைக்குத்தான் முதல் முறையாக உன்னைச் சந்தேகப்பட்டேன்.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று நானே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் நமக்குக் கற்றுக்கொடுத்தபடியே போனேன். உன்னைத் தவிர வேறு யாராக இருக்க முடியும் என்பதைத்தான் முதலில் தேடினேன். நான், அப்பா, திரு. சுகுமாறன், டிப்போவில் என் பையைத் திறந்திருக்கக்கூடிய யாரோ. ஒவ்வொருவரையும் குற்றவாளியாக வைத்துப் பார்த்தேன். அம்மாவின் அலமாரியில் அப்பாவின் பழைய லைசென்சுகளுக்கு அடியில் என் பெயர்த்தாள் இருந்தது. எரிக்க வேண்டியதை நானும் எரிக்கவில்லை, அது என் தப்பு. ஏழு பேருக்கு வேலை போன பிறகு அதை எரித்தால் நானே குற்றத்தை மறைப்பது போல இருக்கும் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன்.

பிறகு கமலநாதன் அங்கிளைத் தேடிப் போனேன். அவர் ஐந்தாம் எண். இனி என் பெயரை எங்கே வேண்டுமானாலும் சொல்லு, ஒளிக்க ஒன்றுமில்லை என்று அவரே சொன்னதால் எழுதுகிறேன். மற்றவர்கள் பெயரை இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன். வேலை போனபோது சங்கத்துக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லி, உள்விசாரணையில் காட்டிய தாள்களுக்கெல்லாம் அவர் நகல் வாங்கி வைத்திருந்தார். போர்ட் கிள்ளானில் அவர் வீட்டுக்கு மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறை கதவே திறக்கவில்லை. மூன்றாவது முறை கேட் கம்பிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். பெயர்த்தாளின் நகல். உன் கையெழுத்து. கையெழுத்தை யாரும் மறுக்கலாம், யாரோ பார்த்து எழுதினார்கள் என்று சொல்லலாம். அதனால் இருபத்து மூன்றாம் வரியைப் பார்த்தேன். அந்தப் பெயர் மேல் கோடு இல்லை. என் தாளில் கோடு இருக்கிறது. கம்பெனியின் நகலில் இல்லை. என் பை டிப்போவில் கிடந்தது கோடு அடித்த பிறகுதான். என் பையிலிருந்து போயிருந்தால் கோட்டோடுதான் போயிருக்கும். கிள்ளான் நிலையத்தில் நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கோலாலம்பூர் சென்ட்ரல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

அப்போதுகூட உன்னை விட்டிருக்கலாம். உன் பையிலிருந்தும் யாராவது எடுத்திருக்கலாம் அல்லவா? அந்த ஒரு வழியையும் உனக்காகத் திறந்து வைத்துக்கொண்டுதான் பக்தவத்சலத்தைப் பார்க்கப் போனேன். அப்போது டிப்போ மேனேஜராக இருந்தவர். ஓய்வு பெற்றுப் பூச்சோங்கில் இருக்கிறார். சபாபதி மகள் என்று சொன்னதும் உட்காரச் சொன்னார். பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டேன், சரி என்றார், படிவத்தில் கையெழுத்தும் போட்டார். கேள்விக்குள்ளே பதிலை வைத்துக் கேட்காதே என்று உன் நான்காவது அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாய். அப்படியே செய்தேன். கார்த்திகாதானே என்று கேட்க நாக்கு துடித்தது. அந்த வருடம் டிரைவர்கள் பெயர் கம்பெனிக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் சுவரைப் பார்த்தார். மனைவி கொண்டுவந்த தேநீரைப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணுதாம்மா குடுத்துச்சு” என்றார். “உன்கூட வருமே, உயரமா, கண்ணாடி போட்டுக்கிட்டு. ஸ்காலர்ஷிப்புக்கு கம்பெனி லெட்டர் வேணும்னு வந்துச்சு. ஹெட் ஆபீஸ்ல பேரு கேக்குறாங்கன்னு சும்மாதான் சொன்னேன். பேக்க தொறந்து எடுத்துக் குடுத்துருச்சு. நான் ரெண்டாவது தடவ கேக்கவே இல்ல.”

வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அதை நான் நம்பவில்லை. ஆனால் எழுதிக்கொண்டேன். நம்பாததையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

நீ கேட்கிறாயே, தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கக் கூடாதா என்று. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நீ அழுதிருப்பாய், நானும் உன்னோடு அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். எனக்கு அது போதவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நீ தனியாகவா எழுதினாய்? எத்தனை கல்லூரிப் பிள்ளைகள் அதைப் படித்துப் பரீட்சை எழுதினார்கள்? எல்லார் முன்னாலும் சொன்ன பொய்க்கு எல்லார் முன்னாலும்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் உன்னை அன்பாக அழைத்தேன். உன் புத்தகத்தைப் பற்றிப் பிரிக்ஃபீல்ட்ஸில் வந்து பேச வேண்டும், மாணவர்கள் ஆவலாக இருக்கிறார்கள் என்று எழுதினேன். தோழி என்று கையெழுத்துப் போட்டேன். மண்டபம் பிடித்தது நான். மைக்கை முதல் வரிசைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னதும் நான்தான். வேலை போன ஏழு பேரில் அப்பாவும் முப்பத்தோராம் எண்காரரும் இன்று இல்லை. இரண்டு தாள்களையும் காட்டி நான் அழைத்த பிறகு, மீதி ஐந்து பேரும் ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி ஒரே வேனில் வந்தார்கள். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார்கள். யாரோ மாணவர்களுடைய அப்பாக்கள் என்று நீ நினைத்திருப்பாய். அவர்களைப் பார்த்து நீ வணக்கம்கூடச் சொன்னாய்.

கேள்வி நேரத்தில் கமலநாதன் அங்கிள் எழுந்தார். அவர் பேசியது உனக்கு மறந்திருக்காது. ஆனாலும் எழுதுகிறேன்.

“என் பேரு கமலநாதன் மேடம். உங்க ஆய்வுல நான் அஞ்சாம் நம்பர். யாருக்கும் பாதிப்பு இல்லன்னு புக்ல எழுதியிருக்கீங்க. யாரக் கேட்டு எழுதுனீங்க? எங்கள யாரும் வந்து கேக்கலையே.”

ஏதோ தவறான புரிதல், பழைய விஷயம், பிறகு தனியாகப் பேசலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாய். என்னைத் திரும்பிப் பார்த்தாய், காப்பாற்று என்பது போல. நான் எழுந்து இரண்டு பெயர்த்தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் திரையில் போட்டேன். பெயர்களை எல்லாம் கறுப்பால் மறைத்திருந்தேன். இருபத்து மூன்றாம் வரியில் மட்டும் ஒன்றில் கோடு, இன்னொன்றில் கோடு இல்லை. இடது பக்கம் என்னுடையது, வலது பக்கம் கம்பெனியிடம் இருந்தது, ஒருவர் விலகிய பிறகு நான் கோடு அடித்தேன், இதிலிருந்து என்ன தெரிகிறது என்று மாணவர்களைக் கேட்டேன். மலர்விழி என்ற மாணவி எழுந்து, இந்தத் தாள் உங்களிடமிருந்து போகவில்லை டீச்சர், இன்னொரு ஆய்வாளரிடமிருந்து போயிருக்கிறது என்றாள். மிகச் சரி என்றேன். உன் கை தண்ணீர் பாட்டிலைத் தேடித் தேடித் தட்டிவிட்டதைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாக எனக்குள் எரிந்துகொண்டிருந்த ஒன்றில் அப்போது குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. நீ பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனாய். நான் நன்றியுரை வாசித்தேன்.

அன்று சாயங்காலம் ஐந்து பேருக்கும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். ஜெயித்த சந்தோஷத்தில் நான் நிறையப் பேசினேன். கமலநாதன் அங்கிள் மட்டும் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

“உங்கப்பனுக்கு அன்னைக்கே தெரியும்மா. விசாரணையில அந்தப் பேப்பர காட்டுனப்ப, இது என் மக எழுத்து இல்லன்னு எங்க எல்லார்கிட்டயும் சொன்னான். நாங்க நம்பல. அப்ப யாரு எழுத்துடான்னு கேட்டேன். இன்னொரு புள்ளையோடது, அதுவும் யாரோ பெத்த புள்ள, பேர சொல்ல மாட்டேன்னுட்டான். மகள காப்பாத்தப் பொய் சொல்றான்னு நெனச்சோம்.”

கடைக்குப் போவதை அப்பா அதனால்தான் விட்டிருக்கிறார். தன் மேல் இருந்த வெட்கத்தால் இல்லை, அவர்கள் என்னை நம்பாததால். என்னிடம் கேட்காததும் அதனால்தான். கேட்க அவருக்கு ஒன்றுமில்லை. சொல்லியிருந்தால் நான் படிப்பை விட்டுவிட்டு உன் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

புரிகிறதா கார்த்திகா? எட்டாம் வகுப்போடு நின்ற லோரி டிரைவர் உன் பெயரை நான்கு வருடம் வெளியே விடாமல் வைத்திருந்து, அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரை நீ ஒரு நிமிடம்கூட வைத்திருக்கவில்லை. இதைக் கேட்ட பிறகு என் மனம் இளகும் என்று கமலநாதன் அங்கிள் எதிர்பார்த்தார். அந்தப் பெண்ணை விட்டுவிடேன் என்றும் சொன்னார். எனக்கு இளகவில்லை. மண்டபத்தில் ஆறின கோபம் அந்தத் தேநீர்க் கடையில் திரும்பவும் பிடித்துக்கொண்டது. அப்பா என்னைச் சந்தேகப்பட்டபடியே செத்தார் என்று நினைத்து நான் அழுத வருடங்கள் எல்லாம் வீண். அவர் இருக்கும்போதே அவர் மடியில் தலை வைத்து அழுதிருக்கலாம். அந்த வாரமே உன் பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினேன். இரண்டு தாள்கள், பக்தவத்சலத்தின் வாக்குமூலம், ஐந்து பேரின் கையெழுத்து. ஒரு வார்த்தைகூட மிகைப்படுத்தவில்லை. பதிப்பகம் ஆறாவது அத்தியாயத்தை நீக்கப்போவதாக எழுதிவிட்டது. எங்கள் கல்லூரி உன் புத்தகத்தை நிறுத்திவிட்டது. உன் பல்கலைக்கழகம் என்ன செய்யும் என்று தெரியவில்லை. கடுமையாகச் செய்யட்டும் என்றுதான் இருக்கிறேன். நீ கேட்ட கடிதத்தை எழுதித் தர மாட்டேன்.

இனி நான் கேட்பது. இதைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை.

முப்பத்தோராம் எண்காரரின் மனைவி இராஜம்மாவை உனக்குத் தெரியும். நம் இருவருக்கும் ஒரு தீபாவளிக்கு முறுக்குச் சுட்டுத் தந்தவர். அம்மாவும் அவரும் வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றாகக் கோயிலுக்குப் போவார்கள். கணவருக்கு வேலை போன பிறகு அவர் அம்மாவோடு பேசவில்லை. ஆறு வருடத்துக்கு முன் கணவர் இறந்தபோது அம்மாவை வாசலோடு திருப்பி அனுப்பினார். இன்றைக்கும் தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அம்மா அவர் வராத நாளாகப் பார்த்துத்தான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிறார். போன மாதம் எல்லாத் தாள்களையும் எடுத்துக்கொண்டு இராஜம்மா ஆன்டியிடம் போனேன். கமலநாதன் அங்கிளும் கூட வந்து சொன்னார். ஆன்டி தாள்களைத் தொடவில்லை. “படிச்சவங்க பேப்பர்ல என்ன வேணா எழுதுவீங்க” என்றார். உன் புத்தகமும் பேப்பர்தான்.

அவர் உன் வாயால் கேட்டால்தான் நம்புவார். அதனால் ஒரு முறை வா. மண்டபம் வேண்டாம், மைக் வேண்டாம், நானும் வர மாட்டேன். கிள்ளானில் அதே வீடுதான், கேட்டுக்கு மட்டும் புதிதாகப் பச்சைச் சாயம் அடித்திருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் ஆன்டி தனியாக இருப்பார். உட்காரச் சொல்வார், தேநீர் போடுவார். அவர் தேநீர் போட்டு முடிக்கும்வரை காத்திருக்காதே, குடித்துவிட்டால் சொல்ல வராது. உள்ளே போனதும் சொல். கொடுத்தது சபாபதி மகள் இல்லை, நான்தான் என்று சொல். அவர் உன்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்.

வந்து சொல்லிவிட்டால் நான் புகாரைத் திரும்பப் பெறுவேன் என்று நினைக்காதே. பெற மாட்டேன். இதற்குப் பதிலாக உனக்குத் தருவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இருந்தும் கேட்கிறேன். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. ஒரு வெள்ளிக்கிழமையாவது அவர் தனியாக நடக்காமல் கோயிலுக்குப் போக வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வந்து சேரும்வரை உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

இப்படிக்கு,
சபாபதி மகள்
தாமரை